பத்துக் கை அம்மனும் பெரியண்ணையின் கடிதமும்

9 ஒக்ரோபர் 86, வியாழன்

மழை. நாங்கள் இருக்கிற பார்க்டேலுக்கென்று தனியாக ஓடர் கொடுத்து எடுப்பித்த மழை. 6.10 ஸ்ரீட்கார் 6.40க்கு. ஒன்ராறியோ வாவியில் பாதி இடது சப்பாத்துக்குள். மீதி வலதுக்குள்.

செய்ய வேண்டியவை:
– யன்னல் நீக்கலை மூடி ஒட்ட ரேப். (போன மாரியில் அதற்குள்ளால் வந்த காற்று வளர்ந்த யானையொன்றைப் பாயில் போட்டிருக்கும். எனக்குத் தடிமன் மட்டும். உடற்கட்டு அப்படி.)
– பயறு, கற்பூரம், வாழைப்பழம்.
– பெரியண்ணைக்குப் பதில்.

இந்த மூன்றாவது வேலை செவ்வாய்க்கிழமையிலிருந்து பட்டியலில் கிடக்கிறது. லண்டனிலிருந்து நீல ஏரோகிராம். பெரியண்ணை கடிதம் எழுதினால் யமதர்மராசாவின் காரியதரிசி எழுதியது போல இருக்கும். நலம், நலமறிய அவா, அடுத்த வரியில் தீர்ப்பு.

"83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மூன்று வருடம் போய்விட்டது. சிவஞானம் இனி வரப்போவதில்லை. சனம் கதைக்கிறது. வருகிற தீபாவளி அமாவாசையில் கிரியையைச் செய்து முடி. திங்கட்கிழமை தொடங்குகிற கௌரி விரதத்தைத் தவமணி இந்த வருடம் பிடிக்கக் கூடாது. புருஷன் இல்லாதவள் புருஷனுக்காக விரதம் இருப்பது குடும்பத்துக்கு ஆகாது. பொட்டையும் அழிக்கச் சொல். நீதான் பக்கத்தில் இருக்கிறாய்."

நீதான் பக்கத்தில் இருக்கிறாய்! அற்புதம். வெட்டச் சொல்பவர் லண்டனில், கத்தி பார்க்டேலில்.

தவமணி என் ஒரே தங்கச்சி. அவள் புருஷன் சிவஞானத்துக்குக் கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை. அந்த ஆடியில் ஒரு காலை சாப்பாட்டுப் பாசலோடு கடைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆளில்லை, கடிதமில்லை, கடையுமில்லை. அடுத்த வருடம் அவளை இங்கே எடுப்பித்தேன். இன்றுவரை பொட்டு வைக்கிறாள், தாலி போடுகிறாள், வெள்ளிக்கு வெள்ளி முழுகுகிறாள். கேட்டால் "அவர் வரட்டும்" என்பாள், மனிதர் சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போனது போல.

கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. கோட்டின் உட்பையில். என் வீரத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மாலை லிப்டில் எவனோ மெத்தை ஏற்றினான். மெத்தைக்குப் பின்னால் நான். முன்னால் இரண்டு பெண் குரல்கள்.

"உவ தவமணி இன்னும் பொட்டோடைதான் திரியிறா, கண்டனீரோ?"

"கண்டனான். என்ன துணிச்சலோ."

"போன வருசம் நவராத்திரியிலை குங்குமத்தட்டைக் கொண்டு வந்தது நான்தான். குடுக்கிறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. பேசாமல் தாண்டிப் போட்டன்."

"நல்ல வேலை செய்தீர்."

தாண்டியதை நானும் பார்த்தேன். எங்கள் சனம் நவராத்திரி வைத்த நிலவறை மண்டபத்தில், வரிசையில் ஒன்பதாவது ஆளாகத் தவமணி. எட்டாவது ஆளுக்குக் குங்குமம். பத்தாவது ஆளுக்குக் குங்குமம். இவள் நீட்டிய விரலை மடக்கி, சேலைக் கரையைச் சரிசெய்வது போல ஒரு நடிப்பு. அன்றிலிருந்து எங்கள் சனத்தின் விசேஷம் ஒன்றுக்கும் வருவதில்லை.

ஆகவே என் அரச கட்டளை: இந்த வருடம் நவராத்திரிக்கு வங்காளிகளிடம். பக்ரறியில் என் சூப்பர்வைசர் பட்டாச்சார்யா. (பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று அட்டைப்பெட்டி ஒட்டிவிடலாம். இங்கே பட்டர்.) ஒரு மாதமாக அழைக்கிறார். சனியும் ஞாயிறும் பள்ளிக்கூட மண்டபமொன்றில் துர்க்கை பூசை. நாளை அவர் வீட்டில் அவருடைய நாட்டுக் கோயில்களின் படம் காட்டல். எங்களைத் தெரிந்த ஒரு காக்காயும் அங்கே இல்லை. தட்டைத் தாண்டிக் கொண்டுபோகிற கலை தமிழருக்கே உரியது. மற்றவர்கள் அதில் நூறு வருடம் பின்.

"அவையள் ஆர் அண்ணை?" என்று தவமணி.

"மீன் தின்னுற பிராமணர்."

"அப்பிடியும் இருக்கோ?"

"உலகத்திலை எல்லாம் இருக்கு பிள்ளை. நாளைக்கு ஆறு மணிக்கு வெளிக்கிட்டு நில்."

10 ஒக்., வெள்ளி

மழை விட்டது. குளிர் பிடித்தது. திங்கள் தாங்ஸ்கிவிங் என்பதால் முதலாளி ஆளுக்கொரு வான்கோழி. உறைந்தது. எனக்குக் கிடைத்தது சிறிய விமானமொன்று, சில்லு மட்டும் இல்லை. நவராத்திரியில் பச்சைத் தண்ணீரும் காய்கறியுமாகக் கிடக்கிற சைவன் மிசிசாகாவிலிருந்து இரண்டு பஸ், ஒரு றெயில், ஒரு ஸ்ரீட்கார் மாறி இந்தப் பிரேதத்தை மடியில் வைத்து வந்தான். எதிரில் இருந்த வெள்ளைக்காரி என் மடியைப் பார்த்துப் புன்னகைத்தாள். என் பிள்ளை என்று நினைத்தாளோ.

தவமணி கதவைத் திறந்தாள், பார்த்தாள், நிலையை மறித்து நின்றாள்.

"உதை உள்ளுக்கை கொண்டந்தால் நான் வெளியிலை."

"சும்மா தந்தது பிள்ளை."

"சும்மா தந்தால்? நாளைக்குச் சும்மா பாம்பு தந்தாலும் கொண்டருவியளோ?"

பிரேதம் வாசற்படியில் காவல் இருந்தது. ஆறு மணிக்குப் பட்டர் காரோடு வந்தார். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி அணைத்துக்கொண்டார். பூசை நாளில், பூணூல் போட்ட மனிதர்!

பட்டர் வீடு, மிசிசாகா. சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. புரொஜெக்ரர். போன மார்கழியில் மூன்று வாரம் ஊருக்குப் போய் நானூறு படம் எடுத்து வந்திருக்கிறார். நானூறையும் காட்டினார். பேச்செல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதி அவரை உயர்த்துகிறேன்.

முதல் ஊர் விஷ்ணுபூர். பழைய கோயில்கள் என்று தொடை தட்டினார். பார்த்தால் செங்கல்!

"எங்கள் பக்கம் கல் அருமை, மிஸ்டர் கந்தா. ஆற்று மண்தான். ஆகவே மண்ணைச் சுட்டுக் கோயில் கட்டினோம்."

"நாங்கள் மண்ணைச் சுட்டால் சட்டி செய்வோம்" என்றேன்.

சிரித்தார். ரோசம் இல்லாத மனிதர். கூரை வேறு நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் தொய்ந்து, மழையில் நனைந்த கொட்டில் போல. கேட்டால், ஓம், ஏழையின் குடிசையைப் பார்த்துத்தான் ராசா கட்டினான் என்கிறார், பெருமையோடு! ஒரு குடிசை போதாதென்று இரண்டைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி இன்னொரு கோயில். சுவரெல்லாம் சுட்ட மண் பொம்மை, விரல் உயரம். படகுக்காரன், வேட்டைக்காரன், குதிரைக்காரன், துவக்கோடு தொப்பிக்காரன். ஒரு லட்சத்துப் பதினேழு. எண்ணினேன். எங்கள் கோபுரத்து வாயிற்காவலரின் கால் பெருவிரல் ஒன்று இறங்கி வந்தால் இத்தனை பேரும் ஓடி ஒளிய இடம் தேடுவார்கள்.

அடுத்த ஊர் கால்னா. வட்டமாக நூற்றெட்டுச் சிவன் கோயில். ஒவ்வொன்றும் எங்கள் அப்பாட்மென்ற் குளியலறை அளவு. நூற்றெட்டுச் சிவனை வட்டமாக இருத்தி வைத்துவிட்டு ஒருவருக்காவது ஒரு மேளம், ஒரு நாதசுரம், ஒரு தேர்? எங்கள் ஊர்த் தேர் அசைந்தால் வேதாரண்யத்தில் கிணற்றுத் தண்ணீர் தளும்பும் என்று சொன்னேன். பட்டரின் மனைவி, பட்டரம்மா, "ஆ" என்று வாயைத் திறந்தாள். நல்ல பெண். நம்புகிறாள்.

பிறகு விஷ்ணுபூர் ராசா வீட்டுத் துர்க்கை பூசை. அங்கே பீரங்கி வெடித்துத்தான் பூசை தொடங்குமாம். படத்தில் பீரங்கி, புகை, காதைப் பொத்தியபடி சனம், எல்லாருக்கும் சிரிப்பு. பட்டர் வாயாலும் வெடித்துக் காட்டினார்.

தவமணி எழும்பிக் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். பீரங்கிப் படம் பன்னிரண்டு. பன்னிரண்டும் முடிந்த பிறகுதான் வந்தாள். ஒரு மிடறுக்கு அவ்வளவு நேரம்.

கடைசியில் பழைய பணக்கார வீடொன்றின் முற்றத்தில் அம்மன். பத்துக் கை. பக்கத்தில் நான்கு பிள்ளைகள். எங்கள் முருகனுக்கு மீசை வைத்துக் கலியாணமாகாத பொடியன் என்கிறார்கள். இரண்டு பெண்சாதிக்காரனை!

தவமணி அங்கே முதன்முறையாக வாய் திறந்தாள். "புருசன் எங்கை எண்டு கேளுங்கோ."

கேட்டேன். பட்டரம்மா சொன்னது: துர்க்கை கயிலாயத்திலிருந்து தாய் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். நான்கு நாள். நவராத்திரி முடிந்த பத்தாம் நாள் புருஷனிடம் திரும்பிவிடுவாள்.

இதற்கா இவ்வளவு மேளம்? லீவில் வந்த பெண்ணுக்கா? மொழிபெயர்த்துச் சொன்னேன், என் அபிப்பிராயத்தையும் சேர்த்து.

தவமணி திரையைப் பார்த்தபடி: "அவவுக்கு எங்கை திரும்பிப் போறதெண்டு தெரியுது."

காரில் திரும்பி வருகிறோம். உட்பையில் கடிதம் நெஞ்சில் குத்துகிறது. காகிதத்துக்கு இவ்வளவு முள் எங்கிருந்து வந்தது.

11 ஒக்., சனி

வெயில். பொய் வெயில். பல்லைக் காட்டும், சூடு தராது.

பள்ளிக்கூட மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே அம்மன். எந்த நேரமும் ஒருவன் ஓடிவந்து தலைக்கு மேலால் பந்தைப் போடலாம். அம்மன் கப்பலில் வந்தவளாம். வெளித்த முகம், நீண்ட கண், காலடியில் பச்சை நிற அசுரன், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவன்.

வங்காளிகளின் குற்றப்பட்டியல் (சுருக்கம்):
– மேளம் இல்லை. கசெற்றில் மேளம். நடுவில் ரேப் சிக்கி அம்மனுக்கு விக்கல்.
– ஐயர் பகல் வேலையில் பல் வைத்தியர். மந்திரம் சொல்லும்போதும் எல்லாருடைய வாயையும் உற்றுப் பார்க்கிறார்.
– சாம்பிராணிச் சட்டியோடு ஆட்டம். பள்ளிக்கூடக் காவலாளி தீயணைக்கும் சிலிண்டரோடு பின்னாலேயே. அம்மனுக்குப் பத்து ஆயுதம், பதினோராவது அவன் கையில்.
– கால் நீட்டி இருந்து கதைக்கிறார்கள். சத்தம் நயாகராவுக்கு அப்பால் கேட்கும்.
– விபூதி இல்லை! இவ்வளவு பெரிய பூசையில் ஒரு சிட்டிகை விபூதி இல்லை!
– மீன்.

மீன் பற்றித் தனியாக. நண்பகல், அம்மன் பார்த்துக்கொண்டிருக்க, பின் மண்டபத்தில் மீன் குழம்பு. நாளைக்கு ஆட்டிறைச்சியாம். எங்கள் ஊரில் நவராத்திரியில் மீன்காரனின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே காதைக் கழுவுவார்கள். நான் மூக்கைப் பொத்தியபடி, நாடகத்தில் வனவாசம் போகிற இராசாவைப் போல, தவமணியோடு வாசலை நோக்கி நடந்தேன்.

பட்டரம்மா ஓடி வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தவமணியின் தலையையும் கையையும் ஒரு முறை பார்த்தாள், மெல்லத் தோளைத் தொட்டாள், மூலையில் ஒரு சிறு மேசைக்குக் கூட்டிப் போனாள். அங்கே வெள்ளைச் சேலையில் இரண்டு வயதான பெண்கள். மீன் வாடை எட்டாத இடம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், தனிச் சட்டியில் சமைத்தது, வெங்காயம்கூட இல்லை. தன் கையாலேயே பரிமாறினாள்.

சொல்லத்தான் வேண்டும், அசந்துபோனேன். இந்தக் கூட்டத்தில் ஒருத்திக்காவது சைவம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது! கேட்காமலே! நானும் அந்த மேசையில் கதிரை இழுத்துப் போட்டேன்.

"எனக்கும் இதே சாப்பாடு."

பட்டரம்மா தடுமாறினாள். "உங்களுக்கு வேண்டாம், மிஸ்டர் கந்தா. நீங்கள் ஆண்."

"ஆணும் விரதம்தான், அம்மா. யாழ்ப்பாணத்துச் சைவ ஆணின் விரத வலிமையால்தான் பாக்கு நீரிணையில் தண்ணீர் வற்றாமல் நிற்கிறது."

கொடுத்தாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சுற்றியிருந்த ஆண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள். பொறாமை. பட்டர் மட்டும் நமட்டுச் சிரிப்போடு, "மிஸ்டர் கந்தா, நீங்கள் மிகவும் புரட்சிக்காரர்" என்றார். ஏன் என்று விளங்கவில்லை. புகழ்ச்சியை நான் விசாரிப்பதில்லை.

தவமணி பாதிதான் சாப்பிட்டாள்.

"ஏன் பிள்ளை, சரியில்லையோ?"

"நல்லாயிருக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை."

பக்கத்து வெள்ளைச் சேலைக் கிழவி தன் தட்டிலிருந்து கத்தரிக்காய்த் துண்டொன்றை இவள் தட்டில் வைத்தாள். மொழி இல்லை. இவள் அதை மட்டும் முழுதாகச் சாப்பிட்டாள்.

மாலை ரேப் ஒட்டினேன். யன்னல் நீக்கல் ஒன்று மிச்சம். பதில் எழுத இருந்தேன். "அன்புள்ள பெரியண்ணைக்கு" வரை வந்தது. "அன்புள்ள" பற்றியும் சந்தேகம்.

12 ஒக்., ஞாயிறு

காற்று. மேப்பிள் இலை முழுவதும் நிலத்தில். பஸ்சில் எழுத முயன்றேன், ஆடியது. இப்போது வீட்டில், பின்னேரம் ஐந்து மணி. ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்தாம் நாள். அம்மன் திரும்பிப் போகிற நாள். வங்காளப் பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை சிவப்புக் கரை, கையில் தட்டு, தட்டில் இனிப்பு, வெற்றிலை, சிவப்புத் தூள். ஏணிப்படியில் ஒவ்வொருத்தியாக ஏறி அம்மன் முகத்தை வெற்றிலையால் துடைத்து, வாயில் இனிப்பை அப்பி, நெற்றியில் தூளைப் பூசுகிறார்கள். பத்து நிமிடத்தில் அம்மன், பந்தியில் தூங்கிவிழுந்த குழந்தை போல. பிறகு தங்களுக்குள் பூசிக்கொள்ளத் தொடங்கினார்கள். நெற்றி, கன்னம், மூக்கு. மிளகாய்த்தூள் ஆலையில் குண்டு போட்டது போல ஒரு சிவப்பு. நான் சிரிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். நல்ல வசனமொன்றும் நாக்கில் தயாராக இருந்தது.

தவமணி என் பக்கத்தில். முன்னுக்கு ஓரடி வைத்தாள். பார்ப்பதற்கு.

பட்டரம்மா கூட்டத்திலிருந்து வெளியே வந்து அவளை மென்மையாக, மிக மென்மையாக, தோளில் பிடித்துப் பின்னே கூட்டிப் போனாள். அங்கே நேற்றைய வெள்ளைச் சேலைக்காரிகள் இருந்த நீண்ட வாங்கு. அதில் இருத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள், குரலைத் தாழ்த்தி.

"தங்கச்சி அங்கேயே இருக்கட்டும். இங்கே தூள் பறக்கிறது. தங்கச்சிமேல் பட்டால் அவருக்கு மனம் நோகும்."

"ஏன் நோகும்?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "விதவைக்கு."

நேற்றைய சோறு நினைவுக்கு வந்தது. தனி மேசை. தனிச் சட்டி. மீனில்லை, வெங்காயமில்லை. விதவைச் சாப்பாடு! அதை நான் மூன்று முறை கேட்டு வாங்கித் தின்று, பாக்கு நீரிணைக் கதையும் சொல்லி!

"ஆர் சொன்னது விதவை எண்டு?" தமிழிலேயே கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில்.

பட்டரம்மாவின் முகம் சாம்பலாயிற்று. தன் வகிட்டைத் தொட்டுக் காட்டினாள், தன் கைச் சங்கு வளையலைக் காட்டினாள். அவளுடைய நாட்டில் மனைவிக்கு அடையாளம் அந்த இரண்டும்தான். தவமணியின் வகிடு வெறுமை, கை வெறுமை. பொட்டா? பொட்டைப் பள்ளிக்கூடப் பெண்ணும் வைப்பாளே! எங்களுக்கு வகிட்டில் என்ன வேலை? எங்களுக்கு நெற்றியும் கழுத்தும். கழுத்தில் கிடப்பதோ மூன்று சுவெற்றருக்குக் கீழே.

"மன்னியுங்கள், மன்னியுங்கள். அப்படியென்றால் புருஷன் எங்கே?"

மண்டபமே என்னைப் பார்ப்பது போல இருந்தது. நான் யார்? கால்னாவின் நூற்றெட்டுச் சிவனையும் ஒரு வாக்கியத்தில் விழுத்தியவன். ஜேர்மனியில் என்று சொல்லலாம். கப்பல் கப்டன் என்று சொல்லலாம். வாய் திறந்தது. உட்பையில் அந்த நீலக் காகிதம். ஒரு பொய்யும் வரவில்லை. மூன்று வருடத்தில் முதன்முறை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: நான் பெரியண்ணையை நம்புகிறேன். சிவஞானம் செத்துவிட்டார் என்று எனக்குள் எப்போதோ எழுதி வைத்துவிட்டேன். அதனால்தான் வாய் கட்டியது.

வாங்கில் சத்தம். வெள்ளைச் சேலைக் கிழவி தவமணியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். என்ன விளங்கிற்றோ அந்த மனுசிக்கு. தள்ளிய வேகத்தில் தவமணி பட்டரம்மாவின் முன்னால்.

'ஹஸ்பண்ட்' என்ற சொல் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சுவெற்றர் கழுத்துக்குள் கையை விட்டு, தாலிக்கொடியை இழுத்து வெளியே போட்டாள். இரண்டு வருடம் ஹோட்டலில் படுக்கை விரித்துப் படித்த ஆங்கிலம்:

"மை ஹஸ்பண்ட் கோ வேர்க். நொட் கமிங் ஹோம். நோபொடி ஸீ டெட். மீ வெயிற்."

பட்டரம்மாவின் கையில் தட்டு. பின்னால் பெண்களின் வரிசை நின்றுவிட்டது. ஒருத்தி வங்காளத்தில் ஏதோ சொன்னாள், எச்சரிக்கை போல. பட்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

தாண்டப் போகிறாள் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டேன். கூடைப்பந்துக் கோடு, மஞ்சள்.

நிமிர்ந்தபோது அவள் விரல் தவமணியின் வகிட்டில். நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரே இழுவை. பிறகு வளையலுக்குப் பூச வேண்டுமாம், வளையல் இல்லை. தாலியை உள்ளங்கையில் எடுத்து அதில் பூசினாள். பிறகு இரண்டு கன்னத்திலும். பின்னால் நின்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி, இரண்டு பேர், எல்லாரும். எச்சரித்தவளும். தவமணியின் வாயில் இனிப்பு. தவமணியின் கையில் தூள். அவளும் பூசினாள், பட்டரம்மாவின் மூக்கில், கணக்குத் தெரியாமல் ஒரு பிடி.

சிரித்தாள். சத்தமாக. அந்தச் சத்தத்தை நான் மறந்திருந்தேன்.

நாக்கில் வைத்திருந்த வசனம் எங்கே போயிற்றோ.

பூசை முடிவு: அம்மனை ஆற்றில் கரைப்பது அவர்கள் வழக்கமாம். இங்கே கரைத்தால் நகரசபை விடாதாம். மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துப் பட்டரின் கராஜுக்கு. கயிலாயத்துக்கு வழி மிசிசாகா. எட்டுப் பேர் தூக்கினோம். அசுரனின் பக்கம் எனக்கு. இடுப்பு நாரி போய்விட்டது.

பஸ்சில் அவள் சிவப்பு முகத்தோடு. எல்லாரும் பார்த்தார்கள். துடைக்கவில்லை.

"நேற்றே தெரியுமோ உனக்கு, ஏன் அந்த மேசையெண்டு?"

"வெள்ளைச் சீலையைக் கண்டவுடனை தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனி?"

"எங்கடை ஆக்கள் தாண்டிப் போச்சினம். இவையள் பக்கத்திலை இருத்திச் சாப்பாடு போட்டினம். பிழையான மேசைதான். எண்டாலும் சாப்பாடு நல்லாயிருந்தது." யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நீங்கள் மூண்டு தரம் வாங்கேக்கை சிரிப்பை அடக்கேலாமல் கிடந்தது."

13 ஒக்., திங்கள்

தாங்ஸ்கிவிங். ஊர் முழுவதும் அவணில் வான்கோழி வேகிறது. எங்கள் மாடியே மணக்கிறது. உறைபனி, முதலாவது. யன்னலின் மிச்ச நீக்கலால் காற்று.

தவமணி ஐந்தரைக்கு முழுகிவிட்டாள். வகிட்டுச் சிவப்பு முழுதாகப் போகவில்லை. ரோசாவாக ஒரு கோடு நிற்கிறது. விளக்குக் கொளுத்தி, நெற்றியில் புதுப் பொட்டு. கௌரி விரதம் இன்று தொடக்கம், இருபத்தொரு நாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டியதென்று அவளுக்குத் தெரியாதே.

தேத்தண்ணி வைத்தேன். கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஆறு நாள் சுமந்ததில் மடிப்புக் கிழிந்துவிட்டது.

வாசித்தாள். இரண்டு தரம். மடித்தாள்.

"எப்ப வந்தது?"

"செவ்வாய்."

"இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அண்ணை?"

ஆங்கிலத்திலும் வராத பொய் தமிழிலும் வரவில்லை. "அவர் இல்லையெண்டுதான் நினைக்கிறன் பிள்ளை" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள்.

"நானும் சில நாள் அப்பிடி நினைக்கிறனான். சனிக்கிழமைகளிலை கூடுதலா. வேலை இல்லாத நாள்." பிறகு: "ஆனால் நினைக்கிறதுக்காகப் பொட்டை அழிக்கேலாது. பெரியண்ணைக்கு எழுதுங்கோ. அவரைச் செத்துக் கிடக்கக் கண்ட ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அந்த ஆள் எனக்கு முன்னாலை நிண்டு, இன்ன இடத்திலை, இந்தச் சேட்டோடை கண்டனான் எண்டு சொல்லட்டும். அண்டைக்கு நானே அழிப்பன். வேறை ஒருத்தரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும்."

எழுதினேன். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெரியண்ணையை யமலோகக் கிளாக்கராக நியமித்தேன். இரண்டாம் பக்கத்தில் லண்டனையே தேம்ஸில் தள்ளினேன். மூன்றில் அவருடைய கலியாணத்தில் பாயசம் கருகியதையும் இழுத்தேன். நல்ல எழுத்து. நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

தவமணி வாசித்துவிட்டு நான்கையும் குப்பைக்குள் போட்டாள். புதுத் தாள் எடுத்து என் முன்னால் வைத்து, தான் சொன்னதை மட்டும் எழுதச் சொன்னாள். ஐந்து வரி. அடைமொழி ஒன்றும் விடவில்லை. "அன்புள்ள"வை மட்டும் இருக்கட்டும் என்றாள்.

கையெழுத்துக்குப் பேனாவை வாங்கினாள். என் பெயர் இல்லை. வட்ட வட்ட எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை போல அவசரப்படாமல்: திருமதி சிவஞானம் தவமணி.

தபாற்கந்தோர் இன்று பூட்டு. கடிதம் மேசையில். அவளுக்கு இன்று ஒரு நேரச் சாப்பாடு. எனக்கும் அதுதானாம், இருபத்தொரு நாளும், ஆறு நாள் மறைத்ததற்கு. பக்கத்து வீட்டு வான்கோழி கதவிடுக்கால் வந்து என் மூக்கின் மேல் ஏறி இருக்கிறது. அந்தச் சிவஞானம் மட்டும் திரும்பி வரட்டும், பட்டினிக்கு அந்த மனுசனிடம் நானே கணக்குக் கேட்பேன்.